இல்லாத பல்

மிளகாய் என்று அவளுக்குப் பேர் வைத்தவர் மருத்துவமனைக் கணினிப் பிரிவின் சீனியர். வேலைக்குச் சேர்ந்த வாரமே, எல்லோர் முன்னாலும் அவரைப் பார்த்து "ஏன் இப்படிச் செஞ்சீங்க?" என்று கேட்டுவிட்டாள். இன்றைக்கும் அதையேதான் கேட்டாள்.

"பழைய கெர்னலை ஏன் அழிச்சீங்க?"

"டிஸ்க் நிறைஞ்சு வழிஞ்சுது. குப்பையைக் கூட்டித் தள்ளினேன். அது ஒரு குத்தமா?"

"மாத்துச் சாவியைப் போய்க் குப்பைங்கறீங்களே."

"காலங்காத்தாலயே காரமா? வேலையைப் பாரு மிளகாய்."

புற்றுநோய்ப் பிரிவின் பின்னறை அது. ஜன்னல் கிடையாது. ஏசி உண்டு, ஆளுக்காக இல்லை, கணினிக்காக. நோயாளியின் ஸ்கேன் படத்தை அந்தக் கணினியில் ஏற்றி, கதிர் எந்தப் பக்கத்திலிருந்து எவ்வளவு பாய வேண்டும் என்று கணக்குப் போடுவார்கள். கணக்கைப் போடுவது உள்ளே செங்கல் மாதிரி உட்கார்ந்திருக்கும் கிராபிக்ஸ் கார்டு. நேற்றுப் பாதுகாப்பு அப்டேட் வந்து, கணினியை அடியிலிருந்து நடத்துகிற கெர்னல் மாறிவிட்டது. கெர்னலை வீட்டுக்காரர் என்று வைத்துக்கொண்டால், கார்டை ஓட்டுகிற டிரைவர் நிரல் குடித்தனக்காரர். வீட்டுக்காரர் பூட்டை மாற்றினால் குடித்தனக்காரர் புதுச் சாவி செய்தாக வேண்டும். அதாவது, டிரைவரின் மூல நிரலைப் புதுக் கெர்னலுக்குப் பொருந்தும்படி மறுபடி பில்ட் செய்ய வேண்டும். வழக்கமாக அது தானாகவே நடந்துவிடும். இன்று நடக்கவில்லை. பெரிய திரை இருண்டு கிடந்தது. பழைய கெர்னல் இருந்திருந்தால் அதிலேயே கிளப்பிவிட்டு ஆற அமரப் பார்த்திருக்கலாம். அதைத்தான் சீனியர் கூட்டித் தள்ளிவிட்டார்.

வெளியே தாழ்வாரத்து பெஞ்சில் அவளுடைய அப்பா உட்கார்ந்திருந்தார்.

காலமெல்லாம் மூட்டை தூக்கிய மனுஷர். மகளைப் படிக்க வைத்தது அந்த முதுகு. இப்போது தொண்டையில் வந்திருக்கிறது. முகத்தின் மேல் சூடான பிளாஸ்டிக் வலையை இழுத்துப் பதித்து, அவருக்கென்று ஒரு முகமூடி செய்து வைத்திருந்தார்கள். அதை மேசையோடு பூட்டித்தான் ஆளை அசையாமல் கிடத்திக் கதிர் கொடுப்பார்கள். இன்று கணக்கு முடிந்து, அதைச் சரிபார்க்கிற பிசிக்ஸ் மேடம் கையெழுத்துப் போட்டால் நாளை காலை கதிர் ஆரம்பம். இல்லாவிட்டால் அவருடைய இடம் வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும். மறுபடி எப்போது இடம் கிடைக்கும் என்று கேட்டால் கவுண்டரில் இருப்பவர் உதட்டைப் பிதுக்குவார். அப்பாவால் விழுங்க முடியவில்லை. நாளுக்கு நாள் வற்றிக்கொண்டிருந்தார். கன்னம் இன்னும் ஒட்டினால் முகமூடி ஆடும். ஆடினால் முகமூடி, ஸ்கேன், கணக்கு எல்லாம் முதலிலிருந்து. அதுவரை தொண்டையில் இருப்பது சும்மா இருக்குமா?

அவர் தன் அப்பா என்று அவள் ஆபீஸில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் 'சொந்தக்காரங்க விஷயத்துல நீ கை வைக்கக் கூடாது' என்று வேறு ஆளை விடுவார்கள். வேறு ஆள் என்றால் சீனியர். அதற்குத் திரை இருண்டே கிடக்கலாம்.

பில்ட் கட்டளையைத் தட்டினாள். அவளுடைய லேப்டாப் திரையில் பிழைகள் பொலபொலவென்று கொட்டின. இந்த ஃபங்ஷன் இல்லை, அந்த ஃபங்ஷனுக்கு இத்தனை உருப்படி போதாது, இந்தப் பேரே தெரியாது. சீனியர் கடைசி வரியை மட்டும் படித்துவிட்டு அதை இணையத்தில் தேடினார். எவனோ எப்போதோ எழுதிப் போட்ட திருத்தம், ஒரு ஒட்டு, கிடைத்தது.

"இதைப் போடு. ஓடும்."

போட்டாள். அந்தப் பிழை போய் வேறு இரண்டு வந்தது. ஓபன் சோர்ஸ் டிரைவர் என்றால் நிரல் ஊருக்கே திறந்து கிடக்கும். யார் வேண்டுமானாலும் திருத்தலாம். திருத்தலாம் என்பதுதான் வினையாகப் போனது. ஓட்டைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிற மாதிரி பூசிக்கொண்டே போனாள். மதியச் சாப்பாட்டு மணி அடித்தது, எழுந்திருக்கவில்லை. பிசிக்ஸ் மேடம் இரண்டு தடவை வந்து கதவைத் திறந்து பார்த்து, மூடிவிட்டுப் போனார்.

கடைசியாக ஒரே ஒரு பிழை நின்றது. கார்டு தன் வேலையை முடிக்கும்வரை காத்திருக்கச் சொல்கிற ஒரு ஃபங்ஷன். புதுக் கெர்னலில் அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று சாதித்தது.

"உள்ள இருக்கறதைத் துடைச்சிடு" என்றார் சீனியர். "வெறும் கூடா விட்டுட்டு, 'எல்லாம் சரி'ன்னு பதில் சொல்ல வச்சிடு. வாயை மூடிக்கும்."

"காத்திருக்கச் சொல்ற இடம் சார் அது."

"காத்திருக்க உனக்கு நேரமிருக்கா?"

இல்லை. துடைத்தாள். வாயைக் கட்டுவது தப்பு என்று அவளுக்குத் தெரியும். அவள் வாயைக் கட்டப் பார்த்தவர்கள் கொஞ்சமா? ஆனாலும் துடைத்தாள். பில்ட் முடிந்தது. டிரைவர் ஏறியது. பெரிய திரை பளிச்சென்று எரிந்தது.

"பாத்தியா" என்றார் சீனியர். "கத்தினா ஆகாது, கை ஓடணும்."

பிசிக்ஸ் மேடம் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். வேறொரு நோயாளியின் படத்தைத் திறந்து மூடிவிட்டு, அப்பாவின் ஸ்கேனைத் திறந்தார். மௌஸ் சக்கரத்தை உருட்டினார். தலை உச்சியிலிருந்து கழுத்துவரை, சாம்பல் நிறத்தில் வில்லை வில்லையாக அப்பா இறங்கிக்கொண்டிருந்தார். மிளகாய் பின்னால் நின்று பார்த்தாள். கண், மூக்கு, மேல்தாடை, கீழ்த்தாடை.

கீழ்த்தாடையின் இடது பக்கம் ஒரு கடைவாய்ப்பல், வெள்ளை வெளேரென்று. கண் சிமிட்டும் நேரம். அடுத்த உருட்டலில் அது இல்லை.

"மேடம், கொஞ்சம் பின்னாடி போங்க."

போனார். பல் இல்லை. தாடை வழவழவென்று இருந்தது.

"என்ன?"

"பல்லு தெரிஞ்சுது."

"வாய்ன்னா பல்லு இருக்கும்" என்றார் சீனியர், தாழ்ந்த குரலில். "சும்மா இரு. ஏதோ மினுக்குன்னு அடிச்சிருக்கும். ஓடுற வண்டியை நிறுத்தாத."

அவள் மட்டும் வாயை மூடிக்கொண்டால் இன்னும் கொஞ்ச நேரத்தில் கையெழுத்து விழுந்துவிடும். நாளை காலை கதிர். அப்பாவுக்குக் கன்னம் ஒட்டுவதற்கு முன். ஒரு பல்தானே.

"மேடம், கணக்குப் போடாதீங்க" என்றாள். "அவருக்கு அந்தப் பக்கம் பல்லே கிடையாது. கதிருக்கு முன்னாடி எல்லாத்தையும் பிடுங்கிட்டாங்க. பிடுங்கின அன்னிக்கு ரத்தப் பஞ்சைப் பிடிச்சுக்கிட்டுப் பக்கத்துல நின்னது நான். அவர் எங்கப்பா."

மேடம் திரும்பினார்.

"அப்ப நீ பாத்தது யார் பல்லு?" என்றார்.

"இதுக்கு முன்னாடி இந்தக் கார்டுல ஏறின யாரோடதோ. கார்டு முடிக்கிறதுக்குள்ள பழைய படத்தையே எடுத்துக் காட்டுது. காத்திருக்கச் சொல்ற இடத்தை நான் வெட்டிட்டேன். படத்துல இப்படி வந்தா, கணக்குலயும் வரும். அங்க கண்ணுக்குத் தெரியாது."

மேடம் மௌஸிலிருந்து கையை எடுத்தார். "எவ்வளவு நேரமாகும்?"

"தெரியாது மேடம்."

"நிறுத்தச் சொல்லத் தெரியுது, நேரம் சொல்லத் தெரியலையா?" அதில் கோபமில்லை. ஃபைலை மூடி வைத்தார்.

மிளகாய் பூசியதையெல்லாம் சுரண்டி எடுத்தாள். சுத்தமான நிரலை வைத்து மறுபடி பில்ட் கட்டளையைத் தட்டினாள். இந்தத் தடவை அடியைப் பார்க்கவில்லை. உச்சிக்குப் போய் முதல் வரியிலிருந்து படித்தாள். அங்கே, பிழை என்றுகூடச் சொல்லிக்கொள்ளாமல் வெறும் எச்சரிக்கையாக ஒரு வரி இருந்தது. நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித் தருவது கம்பைலர்; கெர்னலைக் கட்டிய கம்பைலர் வேறு, இந்தக் கணினியில் இருக்கும் கம்பைலர் வேறு.

அவளுக்கு அழுகை வந்தது. ஆத்திரத்தில் வருகிற அழுகை.

இந்த டிரைவர் பில்ட் ஆவதற்கு முன்னால் கெர்னலிடம் சின்னச் சின்னக் கேள்விகள் கேட்கும். இது உன்னிடம் இருக்கிறதா, அது இருக்கிறதா என்று. ஒவ்வொரு கேள்வியும் ஒரு குட்டி நிரல். கம்பைல் ஆனால் 'உண்டு', ஆகாவிட்டால் 'இல்லை'. இங்கே இருந்தது பழைய கம்பைலர். புதுக் கெர்னலின் ஒரு கட்டளைச் சொல் அதற்குப் புரியாமல், ஒவ்வொரு கேள்வியும் கேட்பதற்கு முன்பே செத்து விழுந்திருக்கிறது. டிரைவரோ அத்தனைக்கும் 'இல்லை' என்று எழுதிக்கொண்டுவிட்டது. கெர்னலில் எல்லாமே இருந்தது, காத்திருக்கச் சொல்கிற ஃபங்ஷன் உட்பட. இருந்ததையெல்லாம் இல்லை என்று நம்பி, காலையிலிருந்து அவள் ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"கம்பைலரையும் சேர்த்து அப்டேட் பண்ணியிருக்கணும்" என்றாள்.

"எச்சரிக்கையை எவன் படிப்பான்?" என்றார் சீனியர்.

"நானும்தான் படிக்கல."

புதுக் கம்பைலரை ஏற்றினாள். ஒரு ஒட்டும் இல்லாமல் பில்ட் போய் முடிந்தது. திரை எரிந்தது. தாடையில் பல் இல்லை. சக்கரத்தை மேலும் கீழும் உருட்டி உருட்டிப் பார்த்தாள், இல்லை.

"இனி ஆரம்பிக்கலாமா மேடம்?"

"இவ்வளவு நடந்தப்புறம் விதிப்படி சோதனைக் கணக்கு மொத்தத்தையும் ஓட்டித்தான் ஆகணும்மா. அது முடிய நாளைக்கு ஆயிடும்." மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இடத்தைப் பிடிச்சு வைக்க முடியாது. அடுத்த இடம் வர்றப்ப முகமூடி பொருந்தினா புதுசா ஒண்ணும் எடுக்க வேண்டாம், நேரா கதிர். பொருந்தலைன்னா..."

"தெரியும் மேடம்."

தாழ்வாரத்தில் வெயில் இறங்கியிருந்தது. அப்பா பக்கத்திலிருந்தவரிடம், கிழிந்த குரலில், "உள்ள இருக்கிற மிஷினெல்லாம் எம்பொண்ணு சொன்னாத்தான் ஓடும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் நிமிர்ந்தார்.

"முடிஞ்சுதாம்மா?"

"இல்லப்பா. நான்தான் நிறுத்தினேன். தப்பாப் போயிட்டிருந்துது."

"அப்ப நாளைக்கு இல்லையா?"

"இல்லப்பா."

"சரி. இப்ப நான் என்ன பண்ணணும்?"

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒட்டிப்போன அந்தக் கன்னத்தைப் பார்க்காமல், பையிலிருந்த பால் பாட்டிலை எடுத்துத் திருகினாள்.

"குடிக்கணும். இளைக்கக் கூடாது. அவ்வளவுதான்."

"வலிக்குதுடி."

"தெரியும்பா."

ஒரு மிடறு உள்ளே போனது. கண்ணை இறுக மூடி, பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பாதி வெளியே வந்தது. துப்பட்டாவால் துடைத்தாள். பாட்டிலை மறுபடி நீட்டினாள்.