எது முன்பக்கம்

அக்காவின் மிளகாய்ச் செடி பூத்துவிட்டது. அதுதான் தலைவலியே.

காரமான குட்டி மிளகாயையும் காரமே இல்லாத குண்டு மிளகாயையும் மகரந்தம் மாற்றிக் கலந்து, குண்டாகவும் காரமாகவும் ஒன்றை உண்டாக்கியே தீருவேன் என்று அக்கா வருடக்கணக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். பஸ் பாடி கட்டும் பட்டறையில் சீட்டுக்கு உறை தைப்பது அவள் வேலை. மிளகாய் அவளுடைய கிறுக்கு. கடைசியாக இருந்த விதைகளில் ஒன்றே ஒன்றுதான் முளைத்தது. அதில் காய் பிடித்தால்தான் மறுபடி விதை. பிடிக்காவிட்டால் இத்தனை வருடப் பாடும் காற்றோடு போச்சு. சமையலறை ஜன்னலில் வெயில் போதாமல் பூவெல்லாம் கொட்டியது. வெளியே வைக்கலாமென்றால் குளிர்காற்று தொடங்கப்போகிறது.

நான் குளிர்பதனக் கிடங்கின் ராத்திரி ஷிப்டை உதறிவிட்டு, அக்கா வீட்டுப் பின்னறையில் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். அக்கா கதவைத் திறந்தாள்.

"குளிர உள்ள அடைக்கத் தெரிஞ்சவனுக்கு வெயில உள்ள அடைக்கத் தெரியாதா? எந்திரிடா."

எழுந்தேன். உண்மையில் எனக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது.

செடிக்கு ஒரு கண்ணாடி அறை கட்டுவதென்று முடிவு. அவள் பட்டறையில் ஒரு கிழட்டு பஸ்ஸைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். அத்தானுக்கும் அங்கேதான் வேலை, கண்ணாடி பொருத்துபவர். பழைய இரும்புக்காரன் லாரி வருவதற்குள் வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொல்லி முதலாளி தலையாட்டிவிட்டாராம். அத்தானை நான் அதுவரை வேகமாக நடந்துகூடப் பார்த்ததில்லை. அன்று மனிதர் ஓடினார். நெளிந்த தகரத்துக்கும் கிழிந்த டயருக்கும் நடுவில், விரிசல் விடாத கண்ணாடியாகத் தட்டித் தட்டிப் பார்த்து எடுத்தார். சட்டத்தோடு பக்க ஜன்னல்கள், கைப்பிடிக் குழாய்கள், மடங்கும் கதவு ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலாக, முன்கண்ணாடி. அதை இரண்டு மெத்தைகளுக்கு நடுவில் செருகித் தள்ளுவண்டியில் கொண்டுவந்தோம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அத்தான் கண்ணை மூடிக்கொண்டார். வண்டியைத் தள்ளியது நான் என்பதால் எனக்கு அந்த வசதி இல்லை.

கொல்லையில் குழாய்களை நட்டு சிமெண்ட் போட்டோம். அது இறுகியதும் இரண்டு பக்கமும் ஜன்னல்களை வரிசையாக முடுக்கினோம். வெயில் விழும் கோடியில் முன்கண்ணாடி, எதிர்க்கோடியில் கதவு. எனக்கே ஆச்சரியம், பசி மறந்துபோனது. மாடிவீட்டு நர்ஸ் துணி காயப்போட வந்தவள் எட்டிப் பார்த்து, வண்டி எப்போது கிளம்பும், டிக்கெட் போடுவது யார் என்று கேட்டாள். அத்தான் சிரிக்கவில்லை. படியில் நின்று பயணம் செய்யக் கூடாது என்று பதில் சொன்னார்.

மிச்சம் கூரைதான். மீதி ஜன்னல்களைப் படுக்கவைத்து மூடுவதாகத் திட்டம். மழைத்தண்ணீர் வழிய ஒரு கோடி உயரமாகவும் மறுகோடி தாழ்வாகவும் இருக்க வேண்டும். அதற்குப் பின்பக்கக் கால்களை ஒரு முழம் வெட்டித் தள்ள வேண்டும்.

"முன்பக்கம் அப்படியே இருக்கட்டும், பின்பக்கம் மட்டும் இறக்கு மாப்ள" என்றார் அத்தான். வலது வரிசை அவருக்கு, இடது வரிசை எனக்கு. அவரிடம் கட்டிங் மெஷின், என்னிடம் ரம்பம். ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு, பொறி பறக்க வெட்டி, மேல்சட்டத்தையும் முடுக்கிவிட்டுத்தான் நிமிர்ந்தோம்.

என் பக்கம் கதவிலிருந்து சரிந்தது. அவர் பக்கம் கதவை நோக்கிச் சரிந்தது.

அத்தான் மெஷினைக் கீழே வைத்தார்.

"முன்பக்கம்னு சொன்னேனே" என்றார்.

"முன்பக்கத்த நான் தொடவே இல்ல. கதவு இருக்கிறதுதான முன்பக்கம்?"

"எந்த ஊர்ல கதவு முன்பக்கம்? கண்ணாடி இருக்கிறது முன்பக்கம். டிரைவர் எங்க உக்காருவான்?"

"செடிக்கு எதுக்கு டிரைவரு?"

கிடங்கில் கதவுதான் எல்லாம். எந்த அறைக்கும் கதவுப் பக்கம்தான் முன்பக்கம். அவருக்கோ கண்ணாடி எந்தப் பக்கம் பார்க்கிறதோ அதுதான் உலகத்துக்கே முன்பக்கம். இரண்டு பேருமே சரி. கூரை மட்டும் பிழிந்த துண்டு மாதிரி முறுக்கிக்கொண்டு நின்றது.

ஒரு ஜன்னலை மேலே வைத்துப் பார்த்தோம். மூன்று மூலையில் உட்கார்ந்து நாலாவதில் ஆடியது. அத்தான் லேசாக அழுத்தினார். சடக்கென்று குறுக்கே விரிசல். மிச்சக் கால்களையும் வெட்டி நாலையும் சமமாக்கலாமா என்று கேட்டேன். தட்டைக் கூரையில் தண்ணீர் நிற்கும், அதற்கும் கீழே வெட்டவோ ஜன்னல்கள் இடம் விடவில்லை. ஆகாயம் சாம்பலாகியிருந்தது. காற்று கழுத்தில் ஊசி குத்தியது. அன்றைக்கே வரும் என்று நாங்கள் நினைக்கவில்லை.

அக்கா வேலை முடிந்து வந்தாள். கொல்லையைப் பார்த்தாள். எங்களைப் பார்த்தாள். நாங்கள் ஒரே நேரத்தில் விளக்கம் சொல்ல ஆரம்பித்தோம். பாதியிலேயே அவளுக்குச் சிரிப்பு வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து, சட்டத்தைச் சுற்றி இரண்டு முறை நடந்தாள். சிரிப்பு போய்விட்டிருந்தது.

"இது கோணல் சீட்டு, அவ்வளவுதான். சீட்டு எப்படியோ உறை அப்படி."

பட்டறையில் சீட்டுக்கு மேலே போடும் தடித்த, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கின் துண்டுச் சுருள்கள் அவள் தையல் மெஷினுக்கு அடியில் கிடந்தன. செய்தித்தாளைக் கூரைச் சட்டத்தின்மேல் விரித்து மடித்து அச்செடுத்தாள். முன்கண்ணாடிக்கு மேலே ஒரு முக்கோணம், கதவுக்கு மேலே ஒரு முக்கோணம், நடுவில் முறுக்கிய பெரிய துண்டு. நான் பிடிக்க, அத்தான் வெட்ட, மெஷின் கடகடவென்று இரைந்தது. தண்ணீர் தையலில் நிற்காமல் வழிய எந்த ஓரம் எதன்மேல் ஏற வேண்டும் என்று அவள் சொல்லிக்கொண்டே தைத்தாள். ஊசித் துளைகளில் மெழுகுவத்தியைத் தேய்க்கும் வேலை எனக்கு. அத்தான் எதையோ திருத்தப் போனார்.

"நீங்க முன்பக்கம் பின்பக்கம்னு வாயத் திறக்காதீங்க. சிவப்பு நூல் கட்டின மூலை, கட்டாத மூலை. அது போதும்."

வெளிச்சம் இருக்கும்போதே உறையைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். காற்று அதைப் பிடுங்கப் பார்த்தது. அத்தான் ஒரு மூலையில் தொங்கினார், நான் ஒன்றில். அக்கா ஸ்டூல்மேல் ஏறி, சீட்டு ஸ்பிரிங் கொக்கிகளை ஒவ்வொன்றாக மாட்டினாள். கடைசிக் கொக்கி விழுந்ததும் கூரை மத்தளம்போல விறைத்தது. விரலால் சுண்டினேன். டொம் என்றது. மூன்று பேரும் மாறி மாறிச் சுண்டிப் பார்த்தோம். பெரியவர்கள் செய்கிற வேலையில்லை. காற்று ஓங்கி வந்து கூரைமேல் ஏறி, முறுக்கோடு வழுக்கி, பக்கத்துச் சுவருக்குப் போய்விட்டது. அத்தான் விசில் அடித்தார்.

செடியை அக்காதான் தூக்கிவந்தாள். பகல் சூடு தங்கட்டும் என்று கறுப்பு எண்ணெய் டின்களில் தண்ணீர் நிரப்பிச் சுற்றி அடுக்கியிருந்தேன். நடுவில் வைத்தாள். பூ மூன்று மிச்சம்.

மறுநாள் ஒன்று உதிர்ந்தது. அடுத்த நாள் இன்னொன்று. அத்தான் கண்ணாடியைத் துடைத்த இடத்தையே துடைத்தார். ஆனால் வெயிலில் உள்ளே நுழைந்தால் சட்டை நனைந்தது, விடிகாலையிலும் டின்கள் கையில் வெதுவெதுவென்று இருந்தன. பூ கொட்டுவதற்குமுன் காம்பு மஞ்சளாகும் என்று அக்கா சொல்லியிருந்தாள். மூன்றாவதின் காம்பு பச்சையாகவே நின்றது.

அந்த வாரக் கடைசியில் அக்கா பட்டறைக்குக் கிளம்பியவள் செருப்போடு கொல்லைக்கு வந்தாள். பூ வாடிச் சுருங்கியிருந்தது. சுண்டுவிரலால் தொட்டாள். இதழ் கையோடு வந்துவிட்டது. அவள் முகம் போன போக்கைப் பார்க்க முடியாமல் நான் காம்பைப் பார்த்தேன்.

"அக்கா, குனிஞ்சு பாரு."

இதழ் இருந்த இடத்தில் கடுகை விடக் கொஞ்சம் பெரிதாக, பளபளவென்று ஒரு பச்சை மணி.

அவள் பையைத் தரையில் போட்டாள். அத்தான் எட்டிப் பார்க்க மூக்கை நீட்டினார். மூச்சுக்கூட அதன்மேல் படக் கூடாது என்று எங்கள் இரண்டு பேரையும் பிடித்து வெளியே தள்ளி, மடங்கும் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்று அவள் வேலைக்குப் போகவில்லை. அத்தானும் நானும் ஆவி படிந்த ஜன்னலில், ஆவி வழிந்து தெளிந்த இடமாக ஆளுக்கொன்று பிடித்து, மூக்கை ஒட்டிவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம்.