ஆறே அழுத்தில் வரும் பெயர்

கார்ட் மாக்கி பூட்ஸைக் கழற்றாமலே எங்கள் அலுவலகத்துக்குள் வந்தார். டிசம்பர் முதல் வாரம், வியாழக்கிழமை காலை. தன் கைபேசியை என் மேஜைமேல் வைத்தார்.

"என்ன தம்பி இது? நான் ஏரியைத் தேடினா சூதாட்டக் கடை தெறக்குது."

திரையில் சீட்டுக்கட்டு படம் ஒன்று மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. போன மார்ச் வரை அங்கே வேறொன்று இருந்தது. நான்கு வரிகள். படகுத்துறையில் பனிக்கட்டி எத்தனை இஞ்ச், தீவருகே எத்தனை, தெற்கு வளைவில் எத்தனை, ஓடை சேரும் இடத்தில் எத்தனை. கீழே 'கோ' என்று ஓர் எழுத்து. கோரின் என் மனைவி. குளிர்காலத்தில் ஒவ்வொரு சனிக்கிழமை காலையும் ஏரியில் துளை போட்டு, அளந்து, அங்கேயே நின்று கைபேசியிலிருந்து அதைத் தன் தளத்தில் ஏற்றுவாள். மீன் பிடிக்கப் போகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான் ஏரிமேல் கால் வைப்பார்கள்.

மார்ச் ஒன்பதாம் தேதி அவள் வேலை செய்த பள்ளிக்கூடத்தில் தலைவலி என்று உட்கார்ந்தாள். மூளையில் இரத்தக் குழாய் வெடித்திருந்தது. வயது முப்பத்தொன்று.

"தளத்தோட பேர் போயிடுச்சு. வேற யாரோ வாங்கிட்டாங்க" என்றேன்.

"எப்படிப் போகும்? அது என்ன பூனையா?"

எதிர் மேஜையில் பெவ் சாவ்சக் தலையை நிமிர்த்தினாள். நிறுவனம் அவளுடையது. நாங்கள் மூன்று பேர்தான். கைபேசியில் திறக்கும்படி இணையதளங்கள் செய்து கொடுப்போம். அவற்றுக்குப் பெயர் தேர்ந்து தருவது என் வேலை.

அந்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். கைபேசியில் ஒரு பட்டனுக்கு மூன்று நான்கு ஆங்கில எழுத்துகள். முதல் எழுத்துக்கு ஒருமுறை அழுத்தினால் போதும். மூன்றாவதுக்கு மூன்று முறை. ஒரே பட்டனில் இருக்கும் இரண்டு எழுத்துகள் அடுத்தடுத்து வந்தால் நடுவில் சற்றுக் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் வேறு எழுத்து விழும். 'காம்' என்று முடிக்க ஏழு அழுத்து, ஒரு காத்திருப்பு. 'நெட்' என்றால் ஐந்து, காத்திருப்பு இல்லை. இப்படித்தான் நான் எண்ணுவேன். கடைக்காரர்கள் தங்கள் மகள் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவார்கள். நான் எண்ணிக் காட்டி மாற்றிவிடுவேன்.

கோரின் கேட்ட பெயர் 'குட் ஐஸ்'. மூன்று வருடங்களுக்கு முன்னால், சமையலறையில். பதினாறு அழுத்து, நடுவில் ஒரு காத்திருப்பு.

"வேணாம். குளிர்ல கையுறையைக் கழட்டிட்டு யார் பதினாறு அழுத்துவா?"

"நான் அழுத்துவேன்."

"ஊருக்காகத்தானே செய்றே?"

ஒரே அழுத்தில் வரும் எழுத்துகள் எட்டுதான். அதிலிருந்து ஒரு பெயர் செய்தேன். பட்ஜாம். அர்த்தம் கிடையாது. ஆங்கிலத்தில் ஆறு எழுத்து, ஆறே அழுத்து, எங்கும் நிற்க வேண்டாம். ஒருமுறை திறந்த பெயர் என்றால் முடிவைக் கைபேசியே சேர்த்துக்கொள்ளும்.

"பைஜாமா கம்பெனி பேர் மாதிரி இருக்குடா" என்றாள். பிறகு கம்பளிக் கையுறையை மாட்டிக்கொண்டு, கட்டைவிரல் நுனியைக் கத்தரிக்கோலால் வெட்டி, பத்து முறை அடித்துப் பார்த்தாள். ஒருமுறைகூடத் தப்பவில்லை. "சரி, நீதான் ஜெயிச்சே" என்றாள். பெயரைத் தன் மின்னஞ்சலில் பதிந்துகொண்டாள்.

கார்ட் இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

"எங்க ஆளுங்களுக்குப் பேரே தெரியாதுப்பா. விரலுக்குத்தான் தெரியும். ரெய்னோ கிட்ட அதைச் சொல்லச் சொல்லு, முழிப்பான். போனைக் கையில குடு, பார்க்காமலே அடிச்சுடுவான். சனிக்கிழமை எல்லாரும் எறங்கப்போறாங்க. அடிச்சா சீட்டுக்கட்டு வருது."

பெவ் எழுந்து வந்தாள். விரலில் பெர்சியன் பன்னின் இளஞ்சிவப்புக் கிரீம்.

"ஊருக்கெல்லாம் புதுப்பிக்க மறக்காதீங்கன்னு கடுதாசி போடுறவன் நீ. உன் வீட்டுப் பேரையே மறந்துட்டியா?"

"மறக்கலே" என்றேன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். தலையாட்டியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். ஏனோ சொன்னேன்.

ஏப்ரல், மே மாதங்களில் கோரினுக்கு வந்த எல்லாவற்றையும் நானே நிறுத்தினேன். வங்கி, நூலகம், பல் மருத்துவர், தையல் பத்திரிகை. இறந்துவிட்டார் என்று ஒவ்வொருவருக்கும் எழுதினேன். மரியாதையாகப் பதில் எழுதிவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். ஜூன் மாதம் அவள் மின்னஞ்சல் பெட்டி காலியாகிவிட்டது. ஜூலையில் ஒன்று வந்தது. 'அன்புள்ள கோரின், உங்கள் பெயர் செப்டம்பரில் காலாவதியாகிறது.' பெயர் விற்ற நிறுவனத்தின் இயந்திரம் அனுப்புவது. அந்த வாசகம் எனக்கு மனப்பாடம். நானே அப்படித்தான் எழுதுவேன்.

பணம் கட்ட ஒரு நிமிடம் ஆகும். கட்டினால் கடிதம் நின்றுவிடும். கட்டவில்லை. ஆகஸ்டில் ஒன்று வந்தது. காலாவதிக்கு ஏழு நாள் இருக்கும்போது ஒன்று, காலாவதியான அன்று ஒன்று. அதற்குப் பிறகு கொஞ்சம் கெஞ்சலாக மூன்று. 'கோரின், இன்னும் நேரம் இருக்கிறது.' 'கோரின், இது கடைசி வாய்ப்பு.' நவம்பர் கடைசியில் நின்றுவிட்டன.

"எத்தனை கடுதாசி?" என்று கேட்டார் கார்ட்.

"ஏழு."

அவர் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். முகம் சிவந்திருந்தது.

"ஏழு கடுதாசிக்காக எங்க எல்லாருக்கும் வழியை அடைச்சிட்டே. அந்தப் பொண்ணு மைனஸ் முப்பதுல போய்த் துளை போட்டா. ஒரு சனிக்கிழமை விடலே. உனக்கு ஒரு நிமிசம் இல்லே."

"கார்ட், போதும்" என்றாள் பெவ்.

"விடுங்க பெவ். அவர் சொல்றது சரிதான்."

"வேற பேர் போடு. இப்பவே" என்றார் கார்ட்.

பெவ் என் கணினியைத் தன் பக்கம் திருப்பினாள். "கோரின் ஒண்ணு கேட்டாளே, குட் ஐஸ். அதைப் பார்ப்போம்." தட்டினாள். மினசோட்டாவில் யாரோ குளிர்பெட்டி விற்கிறவர் வாங்கி இரண்டு வருடம் ஆகியிருந்தது. கோரின் கேட்ட அன்று அது காலியாக இருந்தது. அன்றே பார்த்திருந்தேன். அவளிடம் சொல்லவில்லை.

பெவ் கணினியை மெல்லத் திருப்பி வைத்தாள்.

"வேற ஒண்ணு இன்னிக்கே செஞ்சு தர்றேன்" என்றேன்.

"செய். ஆனா சனிக்கிழமைக்குள்ள அது யார் விரலுக்கும் ஏறாது." கார்ட் கதவருகே போய்த் திரும்பினார். "அவளோட துளைப்பான் உங்கிட்டதானே இருக்கு? ஏழு மணிக்குப் படகுத்துறைக்கு எடுத்துட்டு வா."

சனிக்கிழமை போனேன். துளைப்பான் பெட்டியின் அடியில் அவள் கையுறை இருந்தது, கட்டைவிரல் நுனி வெட்டிய வலதுகை. என் விரல் அதில் முதல் கணுவரைதான் போனது. திரும்ப வைத்துவிட்டேன்.

கார்ட் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு மறுமுனையை என்னிடம் கொடுத்தார்.

"விழுந்தா இழு. இழுக்காம வேடிக்கை பார்த்தே, பேயா வந்து உன் போன்ல உட்காருவேன்."

துறையருகே நான்கு இஞ்ச், ஆள் நடக்க அதுதான் குறைந்தபட்சம். தீவுப் பக்கம் மூன்றரை. தெற்கு வளைவிலும் மூன்றரை. ஓடைப் பக்கம் துளைப்பான் இரண்டு சுற்றிலேயே தண்ணீரைத் தொட்டது. அதற்கு மேல் நாங்கள் போகவில்லை.

கரையில் ஆறு பேர் வந்து நின்றிருந்தார்கள். நாங்கள் வருவதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தார்கள். ஆனாலும் ரெய்னோ ஒரு கையுறையைப் பல்லால் கடித்து உருவினார். பார்க்காமலே ஆறு முறை அழுத்தினார். பிறகுதான் திரையைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவரும் அதையே செய்தார். எந்த இடத்திலும் ஒரு விரலும் நிற்கவில்லை. நான் நன்றாகத்தான் செய்திருக்கிறேன்.

என் வண்டியிலிருந்து ஒரு ஒட்டுப்பலகையை எடுத்து, துறைக் கம்பத்தில் ஆணி அடித்தேன். தடிப் பேனாவால் நான்கு வரி எழுதினேன். 4. 3½. 3½. ஓடைப் பக்கம் போகாதீர்கள்.

"மேல எடம் விட்டிருக்கியே. அவ பேரை எழுதப்போறியா?" என்றார் கார்ட்.

"அவ கேட்ட பேரை. இன்னிக்கு எழுத முடியாது."

அவர் பலகையைப் பார்த்தார். "ஆமா. இது நல்ல ஐஸ் இல்லே."

ரெய்னோ கிட்டே வந்து வாய்க்குள் படித்தார். கீழே விரலை வைத்து, "இங்க ஒரு 'கோ' போடுவாளே" என்றார். அவர் கையுறையை மாட்டிக்கொண்டு வண்டிக்குத் திரும்பினார். மற்றவர்களும் போனார்கள். அன்று ஒருவரும் ஏரியில் இறங்கவில்லை.

நான் அங்கேயே நின்றேன். கையிலிருந்த பேனா உறைந்துபோயிருந்தது. மற்றொரு கை கோட்டுப்பைக்குள் தானாகக் கைபேசியின் பட்டன்களைத் தேடி அழுத்திக்கொண்டிருந்தது. ஆறாவதில்தான் கவனித்தேன்.