ஜாடியில் பழுத்த பூ

"உன் பூவுக்கு என்னை மாதிரியே தலை நரைச்சுப்போச்சு!"

போனில் கணவர் சிரித்தார். தையற்கடையில் அவள் கை கத்தரிக்கோலோடு நின்றுவிட்டது.

"எந்தப் பூ?"

"ஜாடியில வச்சியே, அந்த முள்ளுப்பூ. ஒரே பஞ்சு. நல்லவேளை, கரென்ட் இல்ல..."

"ஃபேன் சுவிட்சை அணைங்க!"

லைன் கட்டாகிவிட்டது. திரும்ப அடித்தாள். ஸ்விட்ச் ஆஃப் என்று வந்தது; சார்ஜ் தீர்ந்திருக்கும்.

அளவு டேப் கழுத்தில் தொங்க, ஓட்டமெடுத்தாள்.

தோட்டத்துக்குத் தண்ணீர் விடத் தடை வந்ததும் ரோஜா முதல் புல்வரை கருகிப்போக, நர்சரிக்காரர் கொடுத்த திசில் என்ற முள்செடி மட்டும் வெள்ளி இலையும் ஊதாப்பூவுமாக ஜம்மென்று நின்றது. பக்கத்து நிலத்துக் கொழுந்தன்தான் எச்சரித்தான். "அழகா இருக்குன்னு ஏமாந்துடாதீங்க அண்ணி. விதை பஞ்சோட பறந்துபோய் விழுந்தா ஊர் நிலத்தையே முழுங்கிடும். பஞ்சு கட்டுறதுக்குள்ள வெட்டிடுங்க."

வெட்டினாள். தூக்கிப்போட மனசு வராமல் ஜாடியில் செருகினாள். வெட்டிய பூவுக்குள்ளும் விதை பழுக்கும் என்று யார் கண்டது?

வீட்டு ஜன்னலுக்கு நேரே, கொழுந்தனின் களத்தில் இன்று தார்ப்பாய் விரித்துச் சூரியகாந்தி விதை காய்கிறது. விதைக் கம்பெனி லாரி வரும் நாள். திசில் விதையும் அதே கறுப்பு, கிட்டத்தட்ட அதே அளவு. சல்லடைக்குப் பிடிபடாது. ஒன்று சிக்கினாலும் மொத்த விளைச்சலையும் வேண்டாம் என்றுவிடுவார்கள்.

வாசலில் கால் வைக்கும்போது எதிர் சலூனில் பல்புகள் எரிந்தன.

கரென்ட்!

உள்ளே பாய்ந்து, சுழல ஆரம்பித்த மின்விசிறியை அணைத்தாள். வாளியில் ஊறிய போர்வையைச் சொட்டச் சொட்ட ஜாடிமேல் போட்டு அமுக்கினாள்.

"பூவுக்குக் குளியலா?" என்றார் கணவர்.

"ஜன்னல்?"

"சாத்தித்தான் இருக்கு. எதுக்கு இப்படிப் பதறுற?"

அப்போதுதான் அவளுக்கு மூச்சு வந்தது. நடந்ததைக் கொழுந்தனிடம் சொல்லிவிடலாம் என்று களத்துக்குப் போனாள். தார்ப்பாயின் ஓரமாக நடந்து அவன் எதிரே நின்றாள்.

"தம்பி, ஒரு பெரிய கண்டம் தப்பிச்சுது..."

"அண்ணி. அசையாதீங்க."

அவன் விரலை ஈரமாக்கி, அவள் கழுத்து டேப்பில் ஒட்டியிருந்த வெள்ளைப் பஞ்சை எடுத்தான். வெயிலில் பிடித்துப் பார்த்தான். முகம் வெளிறியது.

"பஞ்சுதான் இருக்கு. விதை இல்ல."

இருவரும் அவள் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார்கள். கறுப்பாக, பளபளவென்று, தார்ப்பாய் நிறைய விதை.

தெருவில் லாரி ஹாரன் கேட்டது.

"கம்பெனிக்காரங்ககிட்ட நானே சொல்லிடறேன் தம்பி."

"சொன்னா மொத்தமும் போச்சு."

"சொல்லலேன்னா?"

எத்தனை பேர் நிலத்துக்குப் போகப்போகிற விதை! அவன் குனிந்து, அவள் நடந்த ஓரத்தை அப்படியே மடித்துச் சுருட்டினான்.

"இந்தப் பக்கம் முழுக்க எரிச்சுடலாம். அந்த முனையைப் பிடிங்க."

பிடித்தாள். "இந்த ஓரத்துலதான் விழுந்திருக்கும், இல்ல தம்பி?"

லாரி களத்துக்குள் திரும்பியது. அதன் காற்றில் அவன் விரலிலிருந்த பஞ்சு மெல்ல அசைந்தது.