துண்டுமா மணி

...பால் பொங்கி இறக்கியாயிற்று, தேயிலை போட்டாயிற்று, சர்க்கரை போட்டோமா இல்லையா, கரண்டி ஈரமாக இருக்கிறது, அப்படியென்றால் போட்டிருக்கத்தான் வேண்டும், ஒருவேளை இரண்டு தடவை போட்டிருக்கலாம், குடித்தால் தெரிந்துவிட்டுப் போகிறது என்று நம்விங்கா டம்ளர்களைத் தட்டில் அடுக்கினாள். கூடத்தில் புருஷன் வீட்டார் துண்டுமாவில் இருந்து வந்து உட்கார்ந்துவிட்டார்கள். செத்துப்போன புருஷன் லுசெக்கெலோவின் பெரியப்பா ஜன்னலோர நாற்காலியில், மடியில் தொப்பி. புருஷனின் தம்பி அசாஜிலே எதிரில் பெஞ்சில். பெரியப்பாவின் சட்டைப்பையில் வெள்ளைப் பாசிமணிச் சரம் இருக்கிறது, அந்த இடம் கொஞ்சம் புடைத்திருக்கிறது, அவள் அதைப் பார்க்காமல் பார்த்தாள். இன்றைக்குத் துக்கம் முடிக்கும் நாள். பிறந்த வீட்டு ஆள் ஒருவர் முன்னால் அந்தப் பாசியை அவள் கையில் கட்டிவிட்டால் அவள் விடுபட்டவள், எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம், யாரை வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம். பிறந்த வீட்டு ஆள் வராவிட்டால் பாசி கிடையாது. பாசி இல்லை என்றால் அவள் இன்னமும் அவர்கள் வீட்டு மருமகள், அதாவது அண்ணனுக்குப் பதில் அசாஜிலே கட்டிக்கொள்ள வேண்டியவள். அசாஜிலேக்கு எம்பேயாவில் கட்டிக்கொள்ள ஒரு பெண் இருக்கிறாள். பாவம், அவன் காலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

பிறந்த வீட்டு ஆள் என்றால் அவள் தம்பி கெர்ஷோம்தான், வேறு யார் இருக்கிறார்கள். அவன் இசோக்காவில் இருந்து வந்துகொண்டிருக்கிறான். சற்று முன்னால் கொல்லைப்புறம் போய் அவனுக்கு போன் போட்டபோது மினிபஸ் சத்தத்துக்கு நடுவே சிரித்தான். "என்னக்கா இப்பவே கூப்பிடுற, மணி இன்னும் ஒன்பதுதான ஆகுது, பத்துக்கு வாசல்ல நிக்கிறேன் பாரு." பத்து மணிக்கு வரச் சொன்னவள் அவள்தான். பெரியப்பா பத்து என்றார், அவள் தம்பியிடம் பத்து என்றாள். எல்லையில் இருக்கிற இந்த நக்கோண்டேயில் யாரும் வெறும் பத்து என்று சொல்வதில்லை. நம்ம பத்தா அவங்க பத்தா என்று கேட்காமல் சந்தையில் ஒரு மூட்டை பீன்ஸ் கூட இறங்காது. எல்லைக் கேட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்பது என்றால் அந்தப் பக்கம், அடுத்த நாட்டுத் துண்டுமாவில் பத்து, பல் முளைக்காத பிள்ளைக்குக் கூடத் தெரியும். கெர்ஷோமைக் குற்றம் சொல்ல முடியாது, அவன் லாரி ஓட்டுகிறவன், லுபும்பாஷிக்குப் போனாலும் ஹராரேக்குப் போனாலும் பெய்ரா துறைமுகம் வரைக்கும் போனாலும் இதே மணிதான், கைக்கடிகாரத்தைத் தொட வேண்டிய அவசியம் இல்லாதவன், அவனுக்குப் பத்து என்றால் பத்து. அவள் அல்லவா சொல்லியிருக்க வேண்டும், அவங்க பத்துடா என்று ஒரு வார்த்தை. நாக்கு வரவில்லையா, மறந்துவிட்டதா... இந்த ஊரில் பதினோரு வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு அது எப்படி மறக்கும்.

தட்டைக் கொண்டுபோய் முழங்காலிட்டு வைத்தாள். பெரியப்பா ஒரு வாய் குடித்துவிட்டு, "சர்க்கரை அள்ளிக் கொட்டியிருக்கியேம்மா" என்றார். சரிதான், இரண்டு தடவை போட்டிருக்கிறாள். லுசெக்கெலோவாக இருந்தால் இன்னும் ஒரு கரண்டி கேட்டிருப்பான். மஞ்சள் காமாலை வந்து கண் மஞ்சளாகக் கிடந்தபோதும் இனிப்பாய் ஏதாவது கொடு என்றுதான் கேட்டான். கல்யாணமான புதிதில் இந்தச் சுவரில் ஆணி அடித்துக் கடிகாரத்தை மாட்டி, துண்டுமா மணி வைத்தவன் அவன்தான். பொழுது விடிந்தால் டயர் கடைக்கு அங்கேதான் போக வேண்டும், அதனால் என்று சொன்னான், அது சாக்கு. "உங்க மணி லுசாக்காக்காரனுக்கும் அதான், மலாவிக்காரனுக்கும் அதான், மபூட்டோ கடக்கரைல இருக்கவனுக்கும் அதான். இத்தன பேரு கடிச்சுத் துப்புன மணிய எவன் வீட்டுல மாட்டுவான்?" புது வருஷம் வந்தால் துண்டுமாவில் ஒரு தடவை கொண்டாடிவிட்டு, அவளை இழுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டி ஓடி வந்து இங்கே மறுபடியும் ஒரு தடவை. நான் உன்ன விட ஒரு மணி நேரம் மூத்தவன், மரியாதையா பேசு என்பான். அவள் சமையலறையில் தன் போனைப் பார்த்து வேலை செய்வாள், அந்த போனும் சில நாள் துண்டுமா கோபுரத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் தாவிவிடும், பார்த்தியா அதுவும் என் கட்சி என்று சிரிப்பான். அந்தச் சிரிப்பை நினைத்தால் அழுகை வர வேண்டும். வரவில்லை. ஏழு மாதமாக வரவில்லை, அடக்கம் செய்த அன்றும் வரவில்லை, வந்திருந்த பெண்கள் அதை ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்கள்.

பெரியப்பா டம்ளரைச் சுழற்றினார். "உன் தம்பி வர்றதாத் தெரியலயே. சொன்ன நேரம் தாண்டிருச்சு." அவள் வாயைத் திறந்தாள், மாமா, இங்கே இன்னும் ஒன்பதுதான் என்று சொல்ல எத்தனை மூச்சு வேண்டும், ஆனால் வாய் வேறு யாருடையதோ போல் இருந்தது, மூடிக்கொண்டது. அசாஜிலேதான் தலையைத் தூக்காமலே சொன்னான். "பெரியப்பா, இந்தப் பக்கம் இப்பதான் ஒன்பது ஆகுது."

"யார் சொன்னா? செவுத்தப் பாரு."

"அது அண்ணன் வெச்சது. நம்ம துண்டுமா மணி."

"அதத்தாண்டா நானும் சொல்றேன். எங்க பையன் வீடு, எங்க பையன் வெச்ச மணி. பத்துன்னா பத்துதான். டீ முடியிற வரைக்கும் பாப்பேன், அப்புறம் பாசிய எடுத்துட்டுக் கிளம்பிருவேன். அவ நம்ம வீட்டுப் பொண்ணாவே இருந்துட்டுப் போறா, என்ன குறைஞ்சு போச்சு."

குரலில் கோபம் இல்லை, அதுதான் கஷ்டம், கொஞ்சம் பிரியம் கூட இருந்தது. டம்ளரில் பாதி இருந்தது. இவ்வளவு இனிப்பை அவர் மெதுவாகத்தான் குடிப்பார், ஆனால் எத்தனை மெதுவாகக் குடித்தாலும் பாதி டம்ளரை ஒரு மணி நேரம் குடிக்க முடியாது. அசாஜிலே டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தான், அண்ணன் பிடிக்கிற மாதிரியே, பெருவிரல் இரண்டும் விளிம்பில். அவன் அங்கேயே உட்கார்ந்திருந்தால் என்ன... என்ன நினைப்பு இது, யாருடைய நினைப்பு. அவள் எழுந்தாள். எழுந்தது அவளுக்கே கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது. முக்காலியை இழுத்துப் போட்டு ஏறிக் கடிகாரத்தைக் கழற்றினாள். இறங்கி முக்காலியிலேயே உட்கார்ந்து அதை மடியில் கவிழ்த்தாள், பின்னால் முள்ளைத் திருப்புகிற சின்னச் சக்கரம், அதன் பக்கத்தில் பேட்டரி. சிவப்பு பேட்டரி.

அவன் வாங்குவது கறுப்பு. எப்போதும் கறுப்புதான், துண்டுமாவில் கடைக்குப் பக்கத்துக் கடையில். இது சிவப்பு. மழைக்காலத்தில் ஒரு நாள் கடிகாரம் நின்றுவிட்டது, அவன் போய் இரண்டு மாதம் இருக்கும், செருப்பெல்லாம் சேறாக சந்தைக்குப் போய் வாங்கி வந்தாள், வந்து போட்டாள், போனைப் பார்த்தாள், போன் நக்கோண்டே மணி காட்டியது, அதைப் பார்த்துக்கொண்டே ஒரு மணி நேரம் கூட்டி வைத்தாள். யாரும் வைக்கச் சொல்லவில்லை. வீட்டில் யாருமே இல்லை. டயர் கடைக்குப் போக வேண்டியவனும் இல்லை. ஆணியில் மாட்டிவிட்டு அவள் போய் அரிசியில் கல் பொறுக்கினாள். அது எப்படி இத்தனை நாள் நினைவில் இல்லாமல் போயிற்று.

"குடுங்க அண்ணி, நான் திருப்புறேன்" என்று அசாஜிலே கை நீட்டினான்.

"வேணாம்" என்றாள். தன் குரல் கேட்டு எத்தனையோ நாள் ஆன மாதிரி இருந்தது. "இது அவர் வெச்சது இல்ல. நான் வெச்சது. நானே திருப்புறேன்."

வாய்க்குப் போன டம்ளர் பெரியப்பாவின் கையில் அப்படியே நின்றது. அவர் அவளைப் பார்த்தார், வந்ததில் இருந்து முதல் தடவையாகப் பார்த்தார், பிறகு டம்ளரை, பாதியை அப்படியே, தரையில் வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "சரி. வரட்டும் அவன்."

அவள் கடிகாரத்தை நிமிர்த்திப் பிடித்து, பின்னால் விரலை விட்டுச் சக்கரத்தைத் திருப்பினாள். பெரிய முள் பின்னால் போய்க்கொண்டே இருந்தது, ஒரு முழுச் சுற்று, இவ்வளவு நீளம் என்று அவள் நினைக்கவில்லை. கெர்ஷோம் வந்துவிடுவான், பாசியைக் கட்டிவிடுவார்கள், இவர்கள் கேட்டைத் தாண்டிப் போய்விடுவார்கள். அதுதானே வேண்டும். முள் ஒன்பதுக்கு வந்த பிறகும் அவள் சக்கரத்தை விடவில்லை, விட்டால் அது ஓடத் தொடங்கிவிடும் என்று தோன்றியது, ஆனால் மடியில் அது ஏற்கெனவே ஓடிக்கொண்டுதான் இருந்தது.