ஆக்சிடென்ட்-ப்ரோன்

சோலையம்மாளை வேலையிலிருந்து நிறுத்திய கடிதத்தில் காரணம் ஒரே சொல்லில் இருந்தது: ஆக்சிடென்ட்-ப்ரோன். அடிக்கடி விபத்தில் மாட்டிக்கொள்கிற சுபாவமுள்ளவளாம். விருதுநகர் வத்தல் கமிஷன் கடையில் பில் போடுகிற மகள் பானுப்பிரியாதான் வாசித்துச் சொன்னாள். சொல்லும்போதே அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இருபது வருஷம் பட்டாசுக்கு மருந்து அடைத்தவளுக்கு இவர்கள் கொடுத்த பட்டம் இது.

மறுநாள் லீவு போட்டுவிட்டு அம்மாவின் பட்டாசுக் கம்பெனிக்குக் கிளம்பினாள். பஸ்ஸில் அந்தச் சொல்லின் பூர்வீகத்தைப் போனில் தேடியதில் ஆத்திரம் கூடித்தான் போயிற்று. நூறு வருஷத்துக்கு முன்னால், இங்கிலாந்தில் போருக்குக் குண்டு செய்த ஆலைப் பெண்களின் காயங்களை எண்ணியிருக்கிறார்கள். சிலருக்கே திரும்பத் திரும்பக் காயம் என்று கணக்கு சொல்லியிருக்கிறது. அந்த ஆராய்ச்சியின் வழியில், சில வருஷம் கழித்துப் பிறந்த சொல். கொட்டகையைக் குறை சொல்லாமல் ஆளைக் குறை சொல்ல எவ்வளவு வசதி.

மேனேஜர் சண்முகவேல் பதறவே இல்லை. காய நோட்டைத் திருப்பிக் காட்டினார். ஒரு வருஷத்தில் ஐந்து காயம், ஐந்தும் சோலையம்மாள். மற்ற முப்பது பெண்களுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

 அந்த ஐந்தையும் எழுதவைத்தவளே பானுப்பிரியாதான். மற்றவர்கள் சுட்ட கையைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு வீடு போய்விடுவார்கள். வெளியே தெரிந்தால் மறுநாள் வேலை கிடையாது. சின்னக் கொப்புளமானாலும் நோட்டில் ஏற்றாமல் வரக்கூடாது என்று அம்மாவை விரட்டியது இவள்.

சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பெண்களிடம் போனாள். உங்கள் காயத்தையும் சொல்லுங்கள் என்று முதலில் கெஞ்சினாள், பிறகு சத்தம் போட்டாள். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அம்மாவோடு ஒரே அறையில் வேலை பார்த்த பாண்டிலட்சுமிக்கு மூன்று விரலில் தோல் உரிந்திருந்தது.

"சீசன் நேரம் தாயி. உங்கம்மைக்கு நீ சம்பாதிக்கே. எனக்கு யாரு இருக்கா?" என்றாள் அவள்.

வீட்டுக்கு வந்தும் கோபம் அடங்கவில்லை. நன்றி கெட்டவர்கள், கோழைகள் என்று வாய்க்கு வந்தபடி வைதாள். சோலையம்மாள் சோற்றை வடித்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"அவளுகள எதுக்கு வையுதே? நாளைக்குச் சாத்தூர் பக்கம் வேற கம்பெனிக்கு வரச் சொல்லியிருக்காக. அங்கனயும் வந்து எழுதச் சொல்லி நிக்காதே."