ஏழாம் கட்டிலில் ஒரு பொய்

சாகப்போகிறவராக நடிக்க அவரை விட்டால் அந்த அலுவலகத்தில் ஆள் கிடையாது. ஐம்பத்தெட்டு வயது. ஒடிசலான உடம்பு. குழி விழுந்த கன்னம். எல்லாவற்றுக்கும் மேலாக, நாலு நாள் காணாமல் போனால் தேடுவதற்கு ஒரு ஜீவன் இல்லை.

அலுவலகத்தில் அவருக்குப் பெயர் பூதக்கண்ணாடி. இருபத்திரண்டு வருடம் காப்பீட்டுக் கம்பெனிக்காகப் பொய்யர்களைப் பிடித்துக் கொடுத்தவர். இப்போது, மருத்துவமனைகளின் தரத்தைச் சோதிக்கும் அமைப்பில் வேலை. நோயாளி வேடத்தில் உள்ளே போய்ப் படுக்க வேண்டும். பார்த்ததை எழுதித் தர வேண்டும். அவ்வளவுதான்.

“இந்தத் தடவை கொஞ்சம் சிக்கல் சார்” என்றார் மேலாளர். “அந்திமப் பராமரிப்பு இல்லம்.”

இனி குணமாகாது என்று டாக்டர்கள் கைவிரித்தவர்களைக் கடைசிவரை வலியில்லாமல் பார்த்துக்கொள்கிற இடம். மொத்தமே பத்துக் கட்டில்.

“ஒரு மொட்டைக் கடுதாசி வந்திருக்கு. நல்லா இருக்கிற ஆளுங்களையும் உள்ள படுக்க வச்சிருக்காங்களாம். அது மட்டும் உண்மைன்னா லைசென்ஸ் காலி. இழுத்து மூடிட வேண்டியதுதான்.”

“உள்ள இருக்கிறவங்க?”

“ஆளுக்கொரு திசைக்கு. அது நம்ம கவலை இல்ல சார்.” மேலாளர் ஒரு ஃபைலை நீட்டினார். அதில் பூதக்கண்ணாடியின் வயிற்றில் ஒரு கட்டி, மூன்று டாக்டர்களின் கையெழுத்து, மகன் என்று போட்டு ஒரு தொலைபேசி எண். மகன் கிடையாது. அந்த எண் இதே அலுவலகத்தில் ஒரு கிளார்க்கின் மேசையில் அடிக்கும். “வழக்கமான ரூல்தான். நீங்க யாருன்னு உங்க வாயாலயே வெளிய வந்துச்சுன்னா ஆய்வு செல்லாது. உங்களுக்கும் வேலை செல்லாது.”

பூதக்கண்ணாடி சிரித்தார். அவர் வாயிலிருந்து எதுவும் வெளியே வந்து வெகுகாலமாகிறது. மனைவி போய் நாலு வருடம். வீட்டில் அவர் கடைசியாகப் பேசியது, தவறான எண்ணுக்கு அழைத்த ஒரு பெண்மணியிடம். நாலு நிமிடம் பேசினார். அந்த அம்மாள்தான் பாவம், போனை வைக்கவா வேண்டாமா என்று தவித்தாள்.

திங்கட்கிழமை காலை ஏழாம் கட்டிலில் படுத்தார்.

அன்று மாலைக்குள் பாதிப் படிவத்தை மனதுக்குள் நிரப்பிவிட்டார். மணியை அழுத்தினால் ஆள் வருகிற நேரம், ஐம்பது விநாடி. விரிப்பு சுத்தம். கழிவறையில் கைப்பிடி ஆடவில்லை. வலி மாத்திரை சொன்ன நேரத்துக்கு வந்தது. அதைக் கன்னத்தில் ஒதுக்கி, தண்ணீர் குடித்து, கைக்குட்டையில் துப்பினார். பழகிய வித்தை.

இல்லத்தை நடத்துபவர் பெரிய சிஸ்டர். ஐம்பதைத் தாண்டிய கனத்த பெண். அவர் வருவதற்கு முன்னால் செருப்பின் கீச்சுச் சத்தம் வரும். செவ்வாய் காலை கட்டிலருகே நின்று நாடி பிடித்தபடி கேட்டார்.

“தூங்கினீங்களா?”

சாதாரணக் கேள்வி. அதை அவரிடம் யாரும் கேட்டு நாலு வருடம். தூங்கினேன் என்று சொல்ல அரை நிமிடம் ஆயிற்று. படிவத்தில் இதற்குக் கட்டம் இருக்கிறதா என்று யோசித்தார். இல்லை.

“தூங்காம என்ன சிஸ்டர்? குறட்டையில ஜன்னல் கண்ணாடி ஆடுது” என்றது எட்டாம் கட்டில்.

எட்டாம் கட்டிலில் ஒரு லாரி டிரைவர். எழுபது வயது. நுரையீரலில் வியாதி, மூக்கில் ஆக்சிஜன் குழாய். அந்தக் குழாயோடும் வாய் ஓயாது.

“என்ன பக்கத்து வீடு, மகன் வரலையா?”

“வேலை ஜாஸ்தி அண்ணே.”

“எனக்கு ரெண்டு மகளுங்க. ஞாயித்துக்கிழமை வந்து அழுவாங்க. வராத மகன் ஒரு வகையில லாபம்தான் தம்பி. மூஞ்சியைச் சிரிச்ச மாதிரி வச்சுக்க வேண்டிய வேலை மிச்சம்.”

பெரிய சிஸ்டர் அன்று அந்த ‘மகனை’ இரண்டு முறை அழைத்ததும், புதன்கிழமை மூன்று முறை அழைத்ததும் பூதக்கண்ணாடியின் காதில் விழுந்தது. மறுமுனையில் கிளார்க் தனக்கு எழுதிக் கொடுத்திருந்த ஒரே வரியைப் படித்திருக்க வேண்டும். சிஸ்டர் ஒவ்வொரு முறையும் போனை வைத்தது, வைத்த மாதிரி இல்லை. அறைந்த மாதிரி இருந்தது.

பூதக்கண்ணாடி தன் வேலையைப் பார்த்தார். நடக்கிற சாக்கில் ஒவ்வொரு கட்டிலாக நின்றார். கடுதாசி சொன்ன அந்த ‘நல்லா இருக்கிற ஆள்’ யார்? மூன்றாம் கட்டில் டீச்சரா? அவருக்குக் கஞ்சிகூட இறங்கவில்லை. பத்தாம் கட்டில் தையல்காரரா? அவர் கண்ணைத் திறந்து இரண்டு நாள் ஆகிறது. ஒன்பது பேரையும் சலித்துப் பார்த்துவிட்டார். ஒன்பதும் நிஜம்.

கடுதாசி பொய். இல்லம் தப்பித்தது. அவருக்கே ஆச்சரியமாக இருந்தது, தனக்கு ஏன் இவ்வளவு சந்தோஷம் என்று.

புதன் மதியம் மூன்று மணி. இல்லம் முழுக்க அசந்து கிடந்தது. டிரைவர் மட்டும் விழித்திருந்தார். வழக்கமான கேலி இல்லை.

“பக்கத்து வீடு.”

“சொல்லுங்க அண்ணே.”

“மூச்சு நிக்கிற நேரத்துல... முட்டுமா?”

பூதக்கண்ணாடி எழுந்து உட்கார்ந்தார்.

“தண்ணிக்குள்ள அமுக்கின மாதிரி இருக்குமோன்னு ஒரு பயம். மகளுங்ககிட்ட சொல்ல முடியுமா? டாக்டர்கிட்ட சொன்னா இன்னொரு மாத்திரை எழுதுவாரு. இருக்கிறவன்கிட்ட இதைப் பேச முடியாது தம்பி. போறவன்கிட்டதான் பேச முடியும். அதான் உன்கிட்ட கேக்குறேன்.”

இந்த மாதிரிச் சமயத்துக்கு அலுவலகம் ஒரு பதில் எழுதிக் கொடுத்திருந்தது. ‘எனக்கு அசதியாக இருக்கிறது, அப்புறம் பேசலாம்.’ நோயாளிகளோடு நெருங்கக் கூடாது என்பது விதி.

“எனக்கும் பயமா இருக்கு அண்ணே” என்றார் பூதக்கண்ணாடி.

டிரைவர் தலையைத் திருப்பி அவரை நன்றாகப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். ஐந்து நிமிடத்தில் தூங்கிப்போனார். மூன்று நாளில் அவர் பகலில் தூங்கியது அதுதான் முதல் தடவை.

வியாழன் காலை பத்து மணிக்குப் பெரிய சிஸ்டர் அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

“கதவைச் சாத்திட்டு உக்காருங்க.”

உட்கார்ந்தார்.

“இன்னும் ரெண்டு மணி நேரத்துல ஒரு அம்மா வர்றாங்க. வீட்டுல வலி தாங்காம துடிச்சுக்கிட்டு இருக்காங்க. எனக்கு ஏழாம் கட்டில் வேணும்.”

“நான்...”

“நீங்க வீட்டுக்குக் கிளம்பணும். உங்களுக்கு ஒரு வியாதியும் இல்ல.”

இருபத்திரண்டு வருட அனுபவம் அவர் முகத்தை அசையாமல் காத்தது. “என்ன சிஸ்டர் சொல்றீங்க? ஃபைலைப் பாத்தீங்கல்ல?”

“ஃபைல் ஜோரா இருக்கு. வயிறுதான் சரியில்ல.” சிஸ்டர் முன்னால் சாய்ந்தார். “அந்த வலி மாத்திரை இருக்கே, அதைச் சாப்பிட்டா வயிறு கல்லாட்டம் ஆயிடும். நானும் பேதி மருந்து சேர்த்துத்தான் கொடுக்கிறேன், அப்படியும். ரெண்டாம் நாள் மகாராஜாவா இருந்தாலும் என் கையைப் பிடிச்சு, ‘வயிறு போகலையே சிஸ்டர்’னு அழுவாரு. இங்க வந்த ஒரு ஆள்கூட அதைக் கேக்காம இருந்ததில்ல. நீங்க செவ்வாய்க்கிழமை காலைல ஆறு மணிக்கு பாத்ரூமுக்குப் போயிட்டு விசிலடிச்சுக்கிட்டு வர்றீங்க. மாத்திரையும் உள்ள போகல, வலியும் இல்ல.”

ஊர்ப் பொய்யையெல்லாம் கண்டுபிடித்தவரை அவர் வயிறே காட்டிக்கொடுத்துவிட்டது.

“செவ்வாய்க்கிழமையே தெரியுமா?” குரல் சன்னமாக வந்தது. “அப்புறம் ஏன் வச்சிருந்தீங்க?”

சிஸ்டர் ஜன்னலைப் பார்த்தார். “வருஷத்துக்கு நாலஞ்சு பேர் இப்படி வருவாங்க. எங்கயாவது ஒரு ஃபைலைப் புடிச்சுக்கிட்டு. போன வருஷம் ஒரு ரிடையர்டு போஸ்ட் மாஸ்டர். ஆள் குதிரையாட்டம் இருந்தாரு. வீட்டுல பேச்சுத் துணைக்கு ஒரு ஆள் கிடையாது. கட்டில் காலியா இருந்தா நாலு நாள் வச்சிருந்து அனுப்பிடுவேன். ஆள் காத்துக்கிட்டிருந்தா ஒரு நிமிஷம்கூட வைக்க மாட்டேன். தப்புதான். யாரோ எழுதிக்கூட போட்டிருக்காங்களாம். ஆனா உங்க மகன்கிட்ட அஞ்சு தடவை பேசினேன். அஞ்சு தடவையும் ‘மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் கூப்பிடுறேன்’னு கிளிப்பிள்ளை மாதிரி. அப்படி ஒரு மகன் இருந்தா நானும் வந்து படுத்துருவேன்.”

பூதக்கண்ணாடிக்குப் புரிந்தது.

கடுதாசி உண்மை. மூன்று நாளாக வார்டு முழுக்கத் தேடிய அந்த ஆள் கிடைத்துவிட்டான். ஏழாம் கட்டிலில்.

படிவத்தின் முதல் கட்டம் அதுதான்: தகுதியில்லாதவர் எவரையும் தெரிந்தே வைத்திருக்கிறார்களா? ஆம் என்றால் இல்லம் மூடப்படும். டிரைவர் எங்கே போவார்? டீச்சர்? இல்லை என்று போட்டால் அது பொய். வேடம் அவர் ஆயிரம் போட்டிருக்கிறார். அறிக்கையில் ஒரு பொய் எழுதியதில்லை. அவரிடம் மிச்சமிருந்த சொத்து அது ஒன்றுதான்.

மூன்றாவதாக ஒரு வழி இருந்தது.

“சிஸ்டர், எனக்கு மகன் கிடையாது. நீங்க பேசினது எங்க ஆபீஸ் கிளார்க்குகிட்ட. நான் தரச் சோதனைக்காக வந்த ஆய்வாளர்.”

செருப்பின் கீச்சுச் சத்தம் அறையைக் கடந்து ஜன்னல் வரை போய் நின்றது.

“உங்ககிட்ட சொல்லிட்டதால இந்த ஆய்வு செல்லாது” என்றார் அவசரமாக. “நான் எதுவும் எழுத முடியாது. ஆனா இன்னொருத்தர் வருவாரு. இன்னொரு பேர், இன்னொரு ஃபைல். மாத்திரை கொடுத்தும் வயிறு இறுகாதவரா இருந்தா அன்னிக்கே அனுப்பிடுங்க.”

“அனுப்பலாம்” என்றார் சிஸ்டர், திரும்பாமல். “அவர் உங்க ஆபீஸ் ஆளா, இல்ல நிஜமாவே யாரும் இல்லாத ஆளான்னு எனக்கு எப்படித் தெரியும்?”

அவர் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

“நல்லா நடிச்சீங்க சார்.” சிஸ்டரின் குரலில் இப்போது கோபம் ஏறியிருந்தது. அதுவரை ‘நீங்க’ என்று மட்டும் சொன்னவர், முதல் முறையாக ‘சார்’ போட்டார். “நானாவது நர்ஸு. ஏமாறுறது எனக்குப் பழக்கம்தான். எட்டாம் கட்டில்? அவர்கிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லிட்டுப் போங்க.”

பூதக்கண்ணாடி சொந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு டிரைவரின் கட்டிலருகே போய் நின்றார். சொன்னார். சுற்றி வளைக்காமல், மூன்று வாக்கியத்தில். டிரைவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

“அப்ப நீ சாகல.”

“இல்ல அண்ணே.”

“நேத்து நான் ஒண்ணு கேட்டேன். உனக்கும் பயமா இருக்குன்னியே. அதுவும் ஆபீஸ்ல எழுதிக் கொடுத்ததா?”

“இல்ல அண்ணே. ஆபீஸ்ல வேற எழுதிக் கொடுத்திருந்தாங்க.”

டிரைவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். “போ” என்றார்.

வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. ஸ்ட்ரெச்சருக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றபோதே மேலாளரின் அழைப்பு.

“என்ன சார், முடிஞ்சுதா? ஆமாவா, இல்லையா?”

“செல்லாது. வெளிய தெரிஞ்சுபோச்சு.”

“அய்யய்யோ! எந்தப் பாவி சொன்னான்?”

“நான்தான்.”

மேலாளர், அடையாள அட்டையைத் தபாலில் அனுப்பினால் போதும், நேரில் வர வேண்டாம் என்றார்.

வீட்டைத் திறந்தார். நாலு நாள் அடைபட்ட காற்று. இரவு தூக்கம் வரவில்லை. காலையில் எழுந்து முகம் கழுவி, சமையலறையில் நின்று, பால் பொங்குவதைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை அதற்குமேல் செய்ய ஒன்றும் இல்லை.

நான்கு மணிக்கு இல்லத்தின் பார்வையாளர் வரிசையில் அவர் நின்றார். நோட்டில் பெயர், நேரம் எழுதினார். உறவுமுறை என்ற இடத்தில் பேனா நின்றது. அதை அப்படியே காலியாக விட்டார்.

பெரிய சிஸ்டர் நோட்டைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். உள்ளே போனார். திரும்பி வர ஏழு நிமிடம் ஆயிற்று.

“உக்காரலாமாம்” என்றார். “பேசக் கூடாதாம்.”

ஏழாம் கட்டிலில் நேற்று வந்த அம்மா வலி அடங்கித் தூங்கிக்கொண்டிருந்தார். எட்டாம் கட்டிலில் டிரைவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். பூதக்கண்ணாடி ஸ்டூலைச் சத்தமில்லாமல் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். டிரைவர் திரும்பவில்லை. தூங்கவும் இல்லை, மூச்சின் போக்கிலேயே தெரிந்தது. ஒவ்வொரு மூச்சும் ஏறி, நின்று, யோசித்து இறங்கியது. அதையே கேட்டுக்கொண்டிருந்தார்.

ஐந்து மணிக்கு மற்ற பார்வையாளர்கள் எழுந்தார்கள். அவரும் எழுந்தார். நாளைக்கு வரட்டுமா என்று கேட்க வாய் வரை வந்தது. பேசக் கூடாது.

திரும்பாத அந்த முதுகை ஒரு கணம் பார்த்துவிட்டு நடந்தார்.