ஒரே நம்பரில் நாற்பத்தொரு பெண்கள்

ஊர்ச் சுகாதார நிலையத்தில் டாக்டர் பெட்டி வைத்த கம்பெனி, நர்ஸம்மாவின் கைப்பேசி எண்ணைத் திங்கட்கிழமை காலையில் தன் பதிவில் முடக்கியது. ஒரே எண்ணில் நாற்பத்தொரு நோயாளிகள் பதிவாகியிருப்பதால் மோசடி என்று சந்தேகிக்கிறோம் என ஒரு வரியும் அனுப்பியிருந்தது.

பதினாறு வருஷமாக அந்தச் சுகாதார நிலையத்தில் இருப்பவள். ஊரில் பாதிப் பேர் அவள் கையில்தான் முதல் ஊசி போட்டுக்கொண்டவர்கள். மோசடி என்ற வார்த்தையை அவள் இரண்டு தடவை படித்தாள். காது மடல் வரைக்கும் சூடேறியது.

சும்மா சொல்லக் கூடாது, கம்பெனி கொண்டுவந்து முன்னறையில் நிறுத்திய பெட்டி நல்ல பெட்டிதான். ஆளுயரம். பட்டனை அழுத்தினால் திரையில் நகரத்து டாக்டர் வருவார். நிஜ டாக்டர் எட்டிப்பார்க்காத ஊரில் படத்திலாவது ஒருவர் வந்தது பெரிய விஷயம். ஆனால் பெட்டி முன்னால் உட்காரும் முன் கைப்பேசி எண்ணைத் தர வேண்டும். அந்தக் கைப்பேசிக்கு ஆறு இலக்க ஓடிபி வரும். இரண்டு நிமிஷத்துக்குள் அதைப் பெட்டியில் தட்ட வேண்டும். அங்கே வீட்டுக்கு ஒரு கைப்பேசி. அதுவும் காலையில் புருஷனோடு வேலைக்குக் கிளம்பிவிடும். வந்த பெண்களைத் திருப்பி அனுப்ப மனசில்லாமல் நர்ஸம்மா தன் எண்ணையே கொடுத்தாள். ஒன்று பத்தாகி, பத்து நாற்பத்தொன்று ஆகிவிட்டது.

அந்த நாற்பத்தொரு பேரில் ஒருத்தி தையல்காரி. இடது மார்பில் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு கட்டி. பெட்டி டாக்டர் பார்த்துவிட்டு உடனே ஸ்கேன் எடுக்கச் சொன்னார். கம்பெனியின் ஸ்கேன் வண்டி புதன்கிழமை வருகிறது. விட்டால் இரண்டு மாசம் கழித்துத்தான். முடக்கிய எண்ணோடு அவளுக்கு வாங்கிவைத்த இடமும் போய்விட்டது.

நர்ஸம்மா கம்பெனிக்குப் போன் போட்டாள். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று ஒரு குரல் அலைக்கழித்தது. கடைசியில் கிடைத்த ஆள், நோயாளியின் சொந்த எண்ணைக் கொடுத்தால் வேலை முடிந்தது என்றான். தையல்காரியிடம் அதைச் சொன்னபோது அவள் முகம் செத்துப்போனது. அவள் புருஷன் லாரி ஓட்டுகிறவன். கைப்பேசி அவனிடம். அவனுக்குப் படிக்கத் தெரியாது, வருவதையெல்லாம் கிளீனர்தான் படித்துச் சொல்வான்.

"என் மார்ல கட்டின்னு அவன் சத்தமா படிப்பான்க்கா. லாரி ஷெட்டு முழுக்கத் தெரிஞ்சிடும். வேணாம். செத்தாலும் பரவாயில்ல."

"சாகறதுக்கா உன்னப் பதிவு பண்ணேன்? வாய மூடு," என்றாள் நர்ஸம்மா.

செவ்வாய்க்கிழமை கம்பெனி முதலாளியே காரில் வந்து இறங்கினார். நர்ஸம்மா வயசுதான் இருக்கும், நாற்பதை ஒட்டி. மரியாதையாகப் பேசினார். கணக்கில் மோசடி என்று ஏறினால் கம்பெனி பேர் கெட்டுவிடும் என்ற கவலை அவருக்கு. மடிக்கணினியைத் திறந்து காட்டினார்.

"சிஸ்டர், சிஸ்டத்தப் பொறுத்தவரைக்கும் இது ஒரே ஆள். அந்த ஆளுக்கு எழுபத்திரண்டு வயசு, மூட்டுத் தேய்மானம், ஏழு மாசம் கர்ப்பம்."

பெஞ்சில் காத்திருந்த பெண்கள் சிரித்தார்கள். பாவம், அவளுக்குக் கால் அமுக்கிவிட ஆள் உண்டா என்று ஒருத்தி கேட்டாள். நர்ஸம்மா சிரிக்கவில்லை.

அவர் பொறுமையாக விளக்கினார். ஒருத்தர் நோய் இன்னொருத்தருக்குத் தெரியக் கூடாது, அதற்காகத்தான் இந்த ஏற்பாடு, இது உங்கள் பெண்களின் பாதுகாப்புக்கு என்றார். நர்ஸம்மா திரையில் தையல்காரியின் பெயரைத் தொட்டு, கைப்பேசி லாரிக்காரப் புருஷனிடம் இருப்பதைத் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"அவ ரகசியத்துக்குப் பூட்டு போட்டீங்க, சரி. சாவிய லாரில ஏத்தி அனுப்பிட்டீங்களே சார். பொட்டி செய்யும்போது இங்க யாரையாவது ஒரு வார்த்த கேட்டீங்களா?"

அவர் மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். முடக்கியதைத் திறக்கத் தலைமை ஆபீஸ் அனுமதி வேண்டும், மூன்று வேலை நாள் ஆகும் என்றார்.

"தலைமை ஆபீஸ்ல பெரியவர் யாரு?"

"நான்தான்."

"அப்ப நீங்க யார்கிட்ட கேக்கணும்?"

பெஞ்சில் இப்போது யாரும் சிரிக்கவில்லை. அவர் மடிக்கணினியில் தையல்காரியின் பக்கத்தைத் திறந்தார். பிறகு, இப்போதைக்கு இருக்கட்டும் என்று தையல்காரியின் பெயருக்கு எதிரே தன் சொந்த எண்ணைத் தட்டினார். ஓடிபி அவர் சட்டைப்பையில் கிணுகிணுத்தது. புதன்கிழமைக்கு இடம் கிடைத்தது. ஸ்கேனும் எடுத்தாயிற்று.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நர்ஸம்மா ஒரு குழந்தையை எடை போட்டுக்கொண்டிருந்தபோது அவர் போன் செய்தார். குரல் கம்மியிருந்தது.

"சிஸ்டர், அவங்க ரிசல்ட் எனக்கு வந்திருக்கு. சந்தேகமா இருக்கு, ஒரு வாரத்துக்குள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு வரணும்னு போட்டிருக்கு. நான் மீட்டிங்ல இருந்தேன். போன் மேச மேல கெடந்துச்சு. பக்கத்துல இருந்தவரும் படிச்சிட்டாரு. வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லயான்னு கேட்டாரு."

"என்ன சொன்னீங்க?"

"போனக் கவுத்து வெச்சேன். நான் இதப் படிச்சிருக்கக் கூடாது சிஸ்டர்."

"ஆமா. படிச்சிருக்கக் கூடாது."

அடுத்த மாதத்துக்குள் ஆளுக்கு ஒரு அட்டையும் ரகசிய எண்ணும் கொடுத்துவிடுவதாகவும், யாருக்கும் கைப்பேசியே வேண்டாமென்றும், ரிசல்ட் நர்ஸ் கையில்தான் வரும் என்றும் மூச்சுவிடாமல் சொன்னார். அவர் மேல் இரக்கப்பட அவளுக்கு நேரமில்லை.

"அட்டைய அடிங்க, வேணாங்கல. அதுக்கு முன்னாடி செவ்வாய்க்கிழமைக்குள்ள அவளுக்குப் பெரிய ஆஸ்பத்திரில இடம் வாங்குங்க. வாங்கிட்டு எனக்குச் சொல்லுங்க. இன்னிக்கே."

குழந்தையைத் தாயிடம் கொடுத்துவிட்டு வெயிலோடு வெயிலாக நடந்தாள். தையல்காரி மிஷினில் ஒரு பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். நர்ஸம்மாவைப் பார்த்ததும் கால் நின்றது. என்ன வந்திருக்கிறது என்று அவள் கேட்கவில்லை.

"யார் யாருக்குத் தெரியும்க்கா?" என்றாள்.

தன் உடம்பைப் பற்றி நாலாவது ஆளாகத் தெரிந்துகொள்ளப்போகிறவள் கேட்கிற முதல் கேள்வி. பொய் சொல்ல வாய் வரவில்லை.

"ஸ்கேன் பாத்தவங்கள விட்டா மூணு பேருக்கு. நான், கம்பெனிக்காரரு, அவருக்குப் பக்கத்துல இருந்த ஒருத்தரு."

"லாரிக்கு?"

"இல்ல."

தையல்காரி ஊசியிலிருந்து துணியை விடுவித்து மடித்து வைத்தாள். கதவைச் சாத்திவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"சரி, இப்பச் சொல்லுங்க."